உயரமானவர்கள் தங்கள் முதல் கிளாசிக் ஓபன் டாப் காரை வாங்குவது எப்படி?

ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஒருவர் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போவதாகச் சொன்னால், "அதுக்குள்ள எப்படி உட்காருவே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பலரும் நினைப்பது போல ஒரே பதில் கிடையாது. 1960, 70-களில் இங்கிலாந்தில் செய்த திறந்த கார்களில் சிலவற்றில் ஆறடி மூன்றங்குலக்காரர்கூடக் காலை நீட்டி உட்காரலாம். வேறு சிலவற்றில் ஐந்தடி பத்தங்குலமே திண்டாட்டம். வெளியே நின்று பார்த்தால் எது எப்படி என்று தெரியவே தெரியாது. படத்தைப் பார்த்து மயங்கி, விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்து, முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

நான் ஆறடி இரண்டங்குலம். இங்கிலாந்தில் இருக்கிறேன், ஓட்டுவது எம்.ஜி. நிறுவனத்தின் எம்.ஜி.பி. என்ற பழைய ஓபன் டாப் கார். இங்கே இந்த வகைக் காரை முதல்முறையாக வாங்க நினைக்கும் உயரமான தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போவது எல்லாம் ஒரு கணக்குக்குள் அடங்கும்: காரில் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது? இருக்கையை மாற்றலாம், ஸ்டீயரிங்கை மாற்றலாம். முன்கண்ணாடியின் உயரத்தையும் பெடல்கள் இருக்கும் குழியின் அகலத்தையும் மாற்ற முடியாது. துரு விஷயத்திலும் இதே கணக்குதான்.

முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

ஒரே உயரமுள்ள இரண்டு பேர் ஒரே காரில் உட்கார்ந்தால் ஒருவருக்குத் தலை இடிக்கும், இன்னொருவருக்கு முட்டி இடிக்கும். உயரம் காலில் இருக்கிறதா, முதுகில் இருக்கிறதா என்பதுதான் காரணம். கடினமான முக்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு நிமிர்ந்து உட்காருங்கள். முக்காலியின் பலகையிலிருந்து உச்சந்தலை வரை ஒரு அளவு. இடுப்பின் பின்புறத்திலிருந்து முட்டி வரை இன்னொரு அளவு. முட்டியிலிருந்து தரை வரை மூன்றாவது. அப்புறம் உங்கள் ஷூவின் அகலம். இந்த நான்கும் கையில் இருந்தால் மற்றவர்களின் அனுபவத்தைக் கேட்கும்போது "நான் ஆறடி ஒன்று, எனக்குச் சரியாக இருந்தது" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டியிருக்காது. அவருக்குக் கால் நீளமா, முதுகு நீளமா என்று கேட்கத் தோன்றும்.

பொதுவாக, கால் நீளமானவர்களுக்கு ஏதாவது வழி கிடைத்துவிடும். முதுகு நீளமானவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். துணிக்கூரையின் சட்டமும் முன்கண்ணாடியின் மேல்விளிம்பும் இருக்கும் இடத்திலேயேதான் இருக்கும்.

எந்தக் கார்களைப் பார்க்கலாம்?

முதல் காராக, அதுவும் உயரமானவருக்கு, நான் முதலில் சொல்வது எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், அதாவது அதன் திறந்த வகை. 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்தார்கள். மூடிய ஜி.டி. வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் வந்தது. அதனால் உதிரிபாகம் என்று அலைய வேண்டியதில்லை, கிட்டத்தட்ட எல்லாமே புதிதாகக் கிடைக்கிறது. 1798 சிசி இன்ஜின் எளிமையானது, கொஞ்சம் கைப்பழக்கம் இருந்தால் வீட்டிலேயே வேலை பார்க்கலாம்.

உயரமானவருக்கு இது பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. இதற்கு முன் வந்த எம்.ஜி.ஏ.வுக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்), அதன் மேல் உடல். எம்.ஜி.பி.யில் சேஸிஸ் கிடையாது, உடலே சேஸிஸ். முந்தைய காரைவிட முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மூன்று அங்குலம் குறைந்தும், உள்ளே இடம் கூடியது. சீட் நன்றாகப் பின்னால் போகும், பெடல் குழி ஆழமாக இருக்கும். ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. சேஸிஸ் இல்லாததால் காரைத் தாங்குவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற பெட்டிப் பகுதிதான். அது துருப்பிடித்தால் காரே போச்சு. இதைப் பிறகு விரிவாகப் பார்க்கலாம்.

எம்.ஜி.பி.யில் குரோம் பம்பர் வைத்தவை 1974 வரை வந்தன. அமெரிக்க விதிகளுக்காக அதன் பிறகு கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, கார் ஒன்றரை அங்குலம்போல உயர்ந்தும் நின்றது. இந்த உயரத்தால் வளைவுகளில் கொஞ்சம் சாய்வு அதிகம், தோற்றமும் பலருக்குப் பிடிக்காது. அதனாலேயே விலை குறைவு. உட்காரும் இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பணம் அளவாக இருந்தால், நல்ல உடலுள்ள ரப்பர் பம்பர் காரை வாங்குங்கள் என்பேன். அதே விலைக்குக் கிடைக்கும் துருப்பிடித்த குரோம் பம்பர் கார் பக்கம் போக வேண்டாம். 1975 நடுவிலிருந்து இங்கிலாந்தில் விற்ற எல்லாக் கார்களிலும் ஓவர்டிரைவ் (இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) வந்தது. நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறாமல் போக அது மிகவும் உதவும்.

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், 1962 முதல் 1980 வரை. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்தது. சின்னக் கார், ஆனால் கால் நீட்டும் இடம் வெளித்தோற்றத்தைவிட அதிகம். முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை பார்க்கலாம், புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிடச் சௌகரியமான அமைப்பை நான் பார்த்ததில்லை. முதுகு நீளமானவர்கள் மட்டும் கூரையை மூடிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

டிரையம்ஃப் டி.ஆர்.6, 2498 சிசி, ஆறு சிலிண்டர். கம்பீரமான கார், விலையும் அதற்கேற்ப. ஆறடிக்கு மேற்பட்ட பலர் இதை ஓட்டுகிறார்கள். டிரையம்ஃப் ஸ்டாக் நான்கு பேர் உட்காரும் கார், மேலே பாதுகாப்புக்கான வளையச் சட்டம் உண்டு, பவர் ஸ்டீயரிங்கும் உண்டு. இடம் தாராளம். ஆனால் அதன் 3 லிட்டர் வி8 இன்ஜின் சூடாகி நிற்பதற்குப் பேர்போனது. தண்ணீர்ப் பம்பை மேலே உயரத்தில் வைத்துவிட்டார்கள், தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் பம்பு வறண்டு போகும். முன்னால் இருந்தவர் அதைச் சரியாகக் கவனித்த ரசீதுகள் இல்லாவிட்டால் முதல் காராக வேண்டாம்.

எம்.ஜி. மிட்ஜெட், ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் இரண்டும் அருமையான கார்கள், ஆனால் ஆறடி இரண்டுக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். கதவே சிறியது, இறங்கி ஏறுவதே ஒரு வேலை. ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரில் பழைய இத்தாலியக் கார்களுக்கே உரிய உட்காரும் முறை: பெடல் பக்கத்தில், ஸ்டீயரிங் தூரத்தில். நீளக் கைக்கும் குட்டைக் காலுக்கும் செய்தது போலிருக்கும். கால் நீளமானவர் முட்டியை இரண்டு பக்கமும் விரித்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஜாகுவார் ஈ-டைப் முதல் கார் வாங்குபவரின் விலையில் வராது. ஆனாலும் ஒரு தகவல்: 1961-ல் வந்த முதல் வகைகளுக்குத் தரை தட்டையாக இருந்தது, குதிகால் வைக்க இடமில்லை. அடுத்த ஆண்டிலேயே தரையில் பள்ளம் வைத்துச் சரிசெய்தார்கள். 1971-ல் வந்த வி12 ரோட்ஸ்டருக்கு நீளமான அடித்தளம், உயரமானவருக்கு அதுதான் வசதி. ஒரே பெயர்கொண்ட காரில்கூட ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உட்கார்ந்து பார்க்கும் முறை

காரைப் பார்க்கப் போகும்போது கூரை திறந்திருந்தால், முதலில் மூடச் சொல்லுங்கள். விற்பவர் வெயில் நாளில் கூரையைத் திறந்துவைத்துத்தான் காட்டுவார். திறந்த காரில் யாரும் உட்காரலாம். இங்கிலாந்தில் மழை பெய்யும் நாளில்தான் பொருத்தம் தெரியும். கூரையை மூடவோ திறக்கவோ அவர் சிரமப்பட்டால் அதையும் கவனியுங்கள், சட்டம் வளைந்திருக்கலாம், துணி சுருங்கியிருக்கலாம்.

நீங்கள் ஓட்டும்போது போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். அடிப்பாகம் மெல்லியதாக, விளிம்பு துருத்தாமல் இருக்க வேண்டும். பெரிய நடைப்பயிற்சி ஷூ போட்டால் ஒரே காலில் இரண்டு பெடலை மிதிப்பீர்கள்.

சீட்டைக் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளுங்கள். பின்சாய்வு கூரைத் துணியின் மடிப்பிலோ பின்சுவரிலோ முட்டுகிறதா பாருங்கள். சில கார்களில் கூரையை மடித்துப் பின்னால் வைத்தால் சீட் சாய்வு குறைந்துவிடும். மூடிய நிலையில் ஒரு முறை, மடித்த நிலையில் ஒரு முறை என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது இடது காலால் கிளட்சை முழுவதும் அமுக்கி, மெதுவாக விடுங்கள். பலர் அமுக்கும்போது மட்டும் கவனிக்கிறார்கள். இடிப்பது பெரும்பாலும் விடும்போதுதான். பெடல் மேலே வர வர முட்டி உயரும், ஒரு கட்டத்தில் ஸ்டீயரிங் வளையத்தின் அடிப்பக்கத்தில் படும். நேராக ஓட்டும்போது இது தொந்தரவாகத் தெரியாது. ஸ்டீயரிங்கைப் பாதி திருப்பிக்கொண்டே கிளட்சை விட்டுப் பாருங்கள், ரவுண்டானாவில் செய்வது போல. விரல்முட்டி தொடையில் உரசினால், அல்லது தொடை வளையத்தைப் பிடித்து நிறுத்தினால், அந்த ஸ்டீயரிங்கோடு அந்தக் காரை ஓட்டக்கூடாது. பாதுகாப்புப் பிரச்சினை அது. உடனே காரைத் தள்ளிவிட வேண்டாம், சின்ன ஸ்டீயரிங் போட்டால் தீருமா என்று அளந்து பாருங்கள்.

வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு வேகமாக மாற்றுங்கள். ஷூவின் மேல்பக்கம் பிரேக் பெடலுக்கு அடியில் சிக்குகிறதா? முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு டாஷ்போர்டின் அடிவிளிம்பில் தேய்கிறதா? சிக்கினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். பெடல் குழியை அகலப்படுத்த வழியில்லை.

அப்புறம் தலை. நிமிர்ந்து உட்கார்ந்து, தலைக்கும் கூரைச் சட்டத்தின் குறுக்குக்கம்பிக்கும் நடுவே மடக்கிய கை நுழைய வேண்டும். துணி தலையில் பட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கம்பி படக்கூடாது. நேராகப் பாருங்கள். முன்கண்ணாடியின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் வந்தால், சிக்னல் விளக்கைக் குனிந்துதான் பார்க்க முடியும். மேட்டில் ஏறும்போது சாலை தெரியாது. இதற்கும் மருந்து கிடையாது. 1989-ல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்.-5 நல்ல கார், நம்பகமான கார், ஆனால் முதுகு நீளமானவர்களுக்கு அதில் இதுதான் குறை.

எல்லாம் சரி என்று தோன்றினால் உடனே இறங்கிவிடாதீர்கள். பேசிக்கொண்டே கால் மணிநேரம், இருபது நிமிடம் அப்படியே உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாத வலி இடுப்பிலும் வலது முட்டியிலும் பிறகுதான் வரும். ஓட்டிப் பார்க்கும்போது தோள் வழியாகப் பின்னால் திரும்பிப் பாருங்கள், ரிவர்ஸ் எடுங்கள். மூன்றாம் கியர் போடும்போது கை எங்கே போகிறது, ஹேண்ட்பிரேக்கைத் தொடை மறைக்கிறதா என்று கவனியுங்கள்.

இதில் ஒரு ஏமாற்றம் உண்டு. பழைய சீட்டின் உள்ளிருக்கும் ஸ்பாஞ்சும் ரப்பர்ப் பட்டையும் காலப்போக்கில் தளர்ந்து கீழே இறங்கியிருக்கும். அதில் உட்கார்ந்தால் தலைக்கு மேல் தாராளமாக இடம் இருப்பதுபோல் தெரியும். வாங்கிய பிறகு ஆசையாய்ச் சீட்டைப் புதுப்பித்தால், புது ஸ்பாஞ்சு உங்களை உயர்த்திவிடும், தலை கம்பியில் போய் நிற்கும். சீட்டின் மேல் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். தரை வரை போவது போலிருந்தால், இப்போது தெரியும் இடத்தை நம்பாதீர்கள்.

எதையெல்லாம் மாற்றலாம்?

எம்.ஜி.பி.யில் சீட்டின் தண்டவாளத்துக்கு அடியில் மரச்சட்டங்கள் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் சீட் அரை அங்குலமோ கொஞ்சம் கூடுதலாகவோ இறங்கும். செலவே இல்லாத வேலை. எடுத்த பிறகு பழைய போல்ட்டுகள் நீளமாகிப்போய்க் கீழே துருத்தும், சரியான நீளத்தில் மாற்றிவிடுங்கள். முன்பக்கச் சட்டத்தை மட்டும் விட்டுவைத்தால் சீட்டின் முன்விளிம்பு உயர்ந்து தொடைக்குத் தாங்கலாகும், நீளத் தொடைக்காரருக்கு நெடும்பயணத்தில் இது பெரிய நிம்மதி.

மோட்டோ-லீட்டா போன்ற 14 அங்குல ஸ்டீயரிங் போட்டால் தொடைக்கு இடம் கிடைக்கும். உட்குழிந்த வளையமா, தட்டையானதா என்று பார்த்து வாங்குங்கள். உட்குழிந்தது நெஞ்சுக்கு நெருங்கி வரும், தட்டையானது தள்ளிப் போகும். வளையம் சிறிதானால் பார்க்கிங்கில் கை வலிக்கும், பவர் ஸ்டீயரிங் கிடையாது. வேகமானி மறைகிறதா என்றும் பாருங்கள்.

எம்.எக்ஸ்.-5 காரின் சீட்டை எம்.ஜி.பி.யில் பொருத்துவது இங்கே பரவலான பழக்கம். முதுகுக்கு நல்லது, தலைத்தாங்கியும் கிடைக்கும். செய்தால் பழைய சீட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், பின்னால் விற்கும்போது விலை பேசும்.

சீட் இன்னும் பின்னால் போக வேண்டும் என்று தண்டவாளத்தை வெட்டி நீட்டிக்கொடுக்கும் பட்டறைகள் உண்டு. தரையில் பிடிக்கும் இடத்தைப் பலப்படுத்தாமல் ஒரு துளை போட்டு மாட்டிய சீட், மோதலில் ஆளோடு பிடுங்கிக்கொண்டு வரும். இந்த வேலையை விவரம் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். சீட் பெல்ட்டும் அப்படித்தான். தோள்பட்டை உயரமாக இருப்பவருக்குப் பழைய கார்களில் பெல்ட் பொருத்திய இடம் தோளைவிடக் கீழே இருக்கும், மோதும்போது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். இங்கிலாந்தில் 1965-க்கு முந்தைய கார்களுக்குப் பெல்ட் கட்டாயமில்லை. ஆனால் கட்டாயமில்லை என்பதற்காகப் பெல்ட் இல்லாத காரில் குடும்பத்தை உட்கார வைக்காதீர்கள்.

சீட்டுக்குப் பின்னால் பாதுகாப்பு வளையம் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி) போட எண்ணினால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. வளையத்தின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நீளக் கம்பை வையுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது தலை அந்தக் கம்புக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் அந்த வளையம் உங்களைக் காப்பாற்றாது, சீட் பின்னால் போகும் இடத்தையும் அதுவே தின்றுவிடும்.

துரு: பணம் போகும் இடம்

இன்ஜினைப் பிரித்து மாட்டும் செலவை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். துருப்பிடித்த உடலை வெட்டி ஒட்டும் செலவைக் கணிக்கவே முடியாது, திறக்கத் திறக்க அதிகமாகும். அதனால் நல்ல உடலும் சுமாரான இன்ஜினும் உள்ள காரை எடுங்கள். பளபளக்கும் இன்ஜினைக் காட்டி உடலைப் பற்றிப் பேசாதவரிடம் வாங்க வேண்டாம்.

எம்.ஜி.பி.யில் முதலில் பார்க்க வேண்டியது சில். கதவுக்குக் கீழே மண்டியிட்டு, விரலால் அடிவிளிம்பைத் தடவிக்கொண்டே போங்கள். செதில் செதிலாக வந்தால் தெரிந்துவிடும். முன்விங்கின் (முன்சக்கரத்தின் மேல் மூடும் தகடு) அடிப்பகுதி சில்லோடு சேரும் இடத்தில் கோடுபோல ஓர் இணைப்பு தெரிய வேண்டும். அந்த இடம் வழவழவென்று பட்டி போட்டு மூடியிருந்தால், துருப்பிடித்த பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். நல்ல வேலை என்றால் விங்கை எடுத்துவிட்டுத்தான் செய்திருப்பார்கள், அதற்குப் புகைப்படம் வைத்திருப்பார்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கொண்டுபோனால் பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாது.

அடுத்தது ஜாக்கி சோதனை. கதவைத் திறந்து மூடி, அதன் பின்விளிம்புக்கும் பின்விங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலும் கீழும் பாருங்கள். ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு சில்லுக்கு அடியில் உள்ள ஜாக்கி முனையில் காரை உயர்த்தச் சொல்லுங்கள். கார் எழும்ப எழும்ப அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருங்கள். இடைவெளி மாறினாலோ, கதவு திறக்கச் சிரமப்பட்டாலோ, கார் நடுவில் வளைகிறது என்று அர்த்தம். ஜாக்கி வைத்த இடத்தில் கறுமுறுவென்று தகடு நசுங்கும் சத்தம் கேட்டால் அத்தோடு நன்றி சொல்லிக் கிளம்பிவிடலாம். தூக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னாலும் அப்படியே.

உள்ளே தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். உயரமானவர்கள் சீட்டைக் கடைசி வரை தள்ளி ஓட்டுவதால் முழு எடையும் தரையின் பின்பகுதியில்தான் விழும். ஈரம், ரப்பர் விரிப்பின் கீழ் பழுப்புப் பொடி, புதிதாக அடித்த தார் போன்ற கறுப்புப் பூச்சு, எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். 1974 வரை வந்த கார்களில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும், அந்தப் பெட்டிகளும் துருப்பிடிக்கும் இடம்.

பழைய உடலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது உடல் மாற்றிய எம்.ஜி.பி.களும் சந்தையில் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் அசல் அச்சுகளில் புது உடல்கள் செய்தது. ரசீதோடு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கலாம்.

ஸ்பிட்ஃபயருக்குத் தனிச் சேஸிஸ் உண்டு என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். அது நடுவில் முதுகெலும்பு போல ஓடும் சேஸிஸ், பக்கவாட்டுப் பலத்தை அதிலும் சில்தான் தருகிறது. டி.ஆர்.6-ல் டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) மாட்டும் இடங்களில் சேஸிஸ் விரிசல் விடும், கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

இன்ஜின், கியர்: சுருக்கமாக

நீங்கள் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்திருந்தால், ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆவதில் உள்ள ஏதோ தகராறை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். எம்.ஜி.பி. சூடானபின் ஓட்டத்தில் ஆயில் அழுத்தமானி 50-க்கு மேல் நிற்க வேண்டும். ஓவர்டிரைவை போட்டு எடுத்துப் பாருங்கள், உடனே பிடித்து உடனே விட வேண்டும். கம்பிச் சக்கரம் என்றால் காரைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நீங்கள் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக்கென்று ஆடினால் சக்கரத்தைப் பிடிக்கும் பற்கள் தேய்ந்துவிட்டன.

டிரையம்ஃபில் இரண்டு விஷயம். பானட்டைத் திறந்து இன்ஜினின் முன்பக்கத்தில் உள்ள கிராங்க் புல்லியைப் (பெல்ட் ஓடும் சக்கரம்) பார்த்துக்கொண்டு நில்லுங்கள், இன்னொருவரைக் கிளட்சை அமுக்கச் சொல்லுங்கள். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால், கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் போய்விட்டது, இன்ஜினே பாழாகியிருக்கலாம். ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரங்களைத் தாங்கும் ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடிக்கக்கூடாது, கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். தயாரித்தவர்களின் கைப்புத்தகத்திலேயே இருக்கிறது. விற்பவரிடம் "என்ன போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலில் அவர் காரை எப்படி வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும்.

பெட்ரோல்: 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர்க் குழாய்களை அது அரிக்கும். எத்தனால் குறைவான சூப்பர் வகை ஈ5 போடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லிருந்து விற்பனையில் இல்லை, அதனால் ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும்படி இன்ஜின் தலையில் கடினமான வால்வு சீட் போட்டாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள்.

காகிதங்கள்

40 வருடம் கடந்த கார்களுக்குச் சாலைவரி கிடையாது, பெரிய மாற்றம் செய்யாதவை என்றால் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்ற சாலைத் தகுதிச் சோதனையும் 2018 மே மாதத்திலிருந்து கட்டாயமில்லை. லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணமும் அவற்றுக்கு இல்லை. வரி பூஜ்யம் என்றாலும் வருடாவருடம் வரிப்பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எம்.எக்ஸ்.-5 இன்னும் இந்த வயதுக்கு வரவில்லை.

எம்.ஓ.டி. கட்டாயமில்லை என்பது வாங்குபவருக்கு நல்லதில்லை. அதனால் அரசு இணையதளத்தில் கார் எண்ணைப் போட்டுப் பழைய எம்.ஓ.டி. பதிவுகளை எடுத்துப் படியுங்கள், இலவசம்தான். "சில் அருகே அரிப்பு" என்று பத்து வருடம் முன்பு எழுதியிருந்து, அதன்பிறகு சோதனையே நடக்கவில்லை என்றால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். புதிதாக ஒரு எம்.ஓ.டி. எடுத்துத் தந்தால் வாங்குகிறேன் என்று நிபந்தனை வையுங்கள், கட்டணத்தை நீங்களே கொடுத்தாலும் பரவாயில்லை.

வி5சி என்ற பதிவு ஆவணத்தில் இருப்பது பதிவுப் பெயர்தான், அது உரிமைச் சான்று கிடையாது. சேஸிஸ் எண்ணைக் காரில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், காரின் மேல் கடன் நிலுவை இருக்கிறதா என்றும் சோதியுங்கள். தொழிற்சாலையிலிருந்து எந்த நிறத்தில், எந்த வசதியோடு வெளிவந்தது என்பதற்குக் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் சான்றிதழ் வாங்கலாம்.

இன்சூரன்ஸை 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையில் எடுங்கள், இல்லாவிட்டால் மோதிய பிறகு வெறும் பழைய கார் விலைதான் கிடைக்கும். சீட், ஸ்டீயரிங், பெல்ட் எதை மாற்றினாலும் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

வாங்குவதும் வாங்கிய பிறகும்

வசந்தகாலத்தில் முதல் வெயில் அடித்ததும் எல்லோருக்கும் ஓபன் டாப் ஆசை வரும், விலையும் ஏறும். நவம்பர், டிசம்பரில் பாருங்கள். மழை நாளில் போனால் இன்னும் நல்லது, கூரை எங்கே ஒழுகுகிறது என்று அங்கேயே தெரியும். அதற்கு முன் எம்.ஜி. கார் கிளப், எம்.ஜி. ஓனர்ஸ் கிளப், டி.ஆர். ரெஜிஸ்டர் போன்ற சங்கம் ஒன்றில் சேருங்கள். உள்ளூர்க் கூட்டத்துக்குப் போய் "நான் இவ்வளவு உயரம், உங்கள் காரில் ஒரு நிமிடம் உட்காரட்டுமா?" என்று கேளுங்கள். நான் கேட்ட எவரும் மறுத்ததில்லை, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சீட்டை எப்படித் தள்ளுவது என்றுகூடச் சொல்லித் தருவார்கள். ஒரே மாலையில் ஐந்தாறு வகைக் கார்களில் உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. அவர்களில் அனுபவமுள்ள ஒருவர் உங்களோடு கார் பார்க்க வரச் சம்மதித்தால், கட்டாயம் கூட்டிப்போங்கள்.

கார் வீட்டுக்கு வந்ததும் அலங்காரத்தில் இறங்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். பத்து வருடம் தாண்டியிருந்தால் பல் புதிதாக இருந்தாலும் மாற்றுங்கள். பிரேக் ஆயில், பெட்ரோல் குழாய்கள், ரேடியேட்டர் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். கைக்கெட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பான் வையுங்கள், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

சீட்டையும் ஸ்டீயரிங்கையும் சில வாரங்கள் அப்படியே விட்டு ஓட்டுங்கள். வீட்டைச் சுற்றிப் பத்து மைலுக்குள் போய்வந்து, ஒவ்வொரு முறையும் எங்கே வலித்தது, எது இடித்தது என்று குறித்துவையுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்: முதலில் மரச்சட்டம், அது போதவில்லை என்றால் ஸ்டீயரிங், அதுவும் போதவில்லை என்றால் சீட். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே பணம் போய்விடும்.